ஆவுடையப்பன் சாருக்கு வழிகாட்டி நான்

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று முதல் நான் அதிகாரப்பூர்வமான வழிகாட்டி. வெளிநாட்டு மாணவர் உதவி அலுவலகத்து லின், ஊதா நிறத்தில் ஒரு டி-ஷர்ட் கொடுத்தாள். முதுகில் ‘என்னைக் கேளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரும் கேட்டது கழிப்பறை எங்கே என்றுதான்.

வேலை இதுதான். புதிதாக ஆராய்ச்சிப் படிப்புக்கு வரும் ஒருவருக்கு முதல் பருவம் முழுக்கத் துணையாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, பஸ் பாஸ், கறிவேப்பிலை கிடைக்கும் கடை, யாரிடம் எதைக் கேட்பது, எல்லாம் சொல்லித்தர வேண்டும். நான் ஒத்துக்கொண்டது சான்றிதழுக்காக மட்டும். ஸ்காட்லாந்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, எனக்குப் பேச்சுத்துணை எல்லாம் தேவையில்லை. கோபிச்செட்டிபாளையத்துக்குப் போன் போட்டு அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அம்மா “சரி சாமி” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒதுக்கியிருக்கும் ஆளின் பெயர் ஆவுடையப்பன். சங்கரன்கோவில் பக்கம். தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் நடத்துகிறவர், படிப்பு விடுப்பில் முனைவர் பட்டத்துக்கு வருகிறார். வயது நாற்பத்து மூன்று. எனக்கு இருபத்தாறு. யாருக்கு யார் வழிகாட்டி என்று லின்னிடம் கேட்டேன். “உன் மொழி பேசுகிறவர், உனக்குச் சந்தோஷமாக இருக்கும்” என்றாள். பார்ப்போம்.

செப்டம்பர் 15, திங்கள்

ரயிலடியில் போய் அழைத்து வந்தேன். கோட்டு, டை, பளபளவென்று ஷூ. இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். குக்கரைப் பெட்டிக்குள் வைக்க மனசு வரவில்லையாம், மடியில் வைத்தே வந்திருக்கிறார்.

“கோகிலவாணி மேடம்தான?” என்றார்.

“மேடமெல்லாம் வேண்டாங்க சார். கோகிலான்னே கூப்பிடுங்க.”

“சரிங்கம்மா” என்றார். அப்போது ‘அம்மா’ ஆனவள்தான், இனி மாறாது என்று தோன்றுகிறது. நானும் அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறேன். வாத்தியாரைப் பார்த்தால் வாயில் தானாக அப்படித்தான் வருகிறது.

பஸ்ஸில் செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அவர் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். கைகட்டி நிற்கும் சாருக்குப் பின்னால் விமானம் ஒன்று மேலே கிளம்புகிறது. ‘ஸ்காட்லாந்து செல்லும் எங்கள் மண்ணின் மைந்தரே’ என்று முன்னாள் மாணவர்கள் போட்டிருக்கிறார்கள்.

“வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கலம்மா. இனிமே பாதியில திரும்பிப் போனா அந்த ஸ்டாப்புல எறங்க முடியாது. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்துதான் போகணும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சாரின் ஆராய்ச்சிக்கு நெறியாளர் டாக்டர் மோராக். முப்பத்திரண்டு வயதிருக்கும். ஜீன்ஸ், சைக்கிள் ஹெல்மெட், மூக்கில் சின்ன வளையம். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். சார்தான் அவளுக்கு முதல் ஆராய்ச்சி மாணவர்.

துறைக் கூட்டத்தில் மோராக் உள்ளே நுழைந்ததும் சார் விறைப்பாக எழுந்து நின்றார். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் அவர் மட்டும். மோராக் திரும்பித் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். யாரும் வரவில்லை. நான் டி-ஷர்ட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

வெளியே வந்ததும், “சார், இங்க யாரும் எந்திரிக்க மாட்டாங்க. அவங்களைப் பேர் சொல்லியே கூப்பிடலாங்க” என்றேன்.

“மோராக்குன்னா?”

“ஆமாங்க.”

இரண்டு தரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். “வாய் கூசுதும்மா” என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இனி ஒவ்வொரு செவ்வாயும் பதினொரு மணிக்கு மோராக்குடன் சாருக்குச் சந்திப்பு. இன்று முதலாவது. மதியம் அவர் விடுதிச் சமையலறையில் பார்த்து எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லாப் போச்சும்மா” என்றார். சுண்டைக்காய் வத்தக்குழம்பு வைத்திருந்தார். வழிகாட்டி என்ற முறையில் ருசி பார்த்தேன். பிறகு சாப்பிட்டே விட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

“நல்லாப் போச்சும்மா.” இன்றைக்கு ரசம்.

என் நெறியாளர் ஹாமிஷிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. நாளைக்குப் படிக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாம்பாரில் வெல்லம் போடுவது பற்றிச் சாருக்கும் எனக்கும் வாக்குவாதம். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் போடுவோம் என்றேன். “அதுக்குப் பேரு சாம்பார் இல்லம்மா, பாயாசம்” என்றார். இந்த மனிதர் எதற்கும் மறுத்துப் பேசாமல் இருந்ததில்லை. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது, குடையை எப்படி மடிப்பது, எல்லாவற்றுக்கும் “இல்லம்மா” என்றுதான் ஆரம்பிப்பார். மோராக் பாவம்.

ஹாமிஷிடமிருந்து இன்னொரு மெயில். தலைப்பில் கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. பாலத்து இரும்பு துருப்பிடிப்பது பற்றிய என் அத்தியாயம் இன்னும் கொஞ்சம் மெருகேற வேண்டும். அனுப்பிவிட்டுப் பதில் எழுதலாம்.

அக்டோபர் 10, வெள்ளி

லின் அழைத்தாள். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

ஆவுடையப்பன் ஒரு சந்திப்புக்குக்கூட வரவில்லையாம். மூன்று செவ்வாயும் மோராக் அறையில் காத்திருந்திருக்கிறாள், ஆளே இல்லை. வேறு வழியில்லாமல் துறைக்கு எழுதிவிட்டாள். நவம்பர் நான்காம் தேதி மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். இவர் படிக்க வரவில்லை என்று முடிவானால், விசாவுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் ஆதரவை வாபஸ் வாங்கிவிடும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையைக்கூட எடுக்காமல் விடுதிக்குப் போனேன். சார் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தார்.

“மூணு வாரமா ‘நல்லாப் போச்சு’ன்னு சொன்னீங்களே, எங்க சார் போச்சு?”

“போனேன்மா.”

“நீங்க வரவே இல்லைங்கறாங்க.”

கரண்டியைக் கீழே வைத்தார். முகம் வெளிறிப்போனது. “சத்தியமாப் போனேன்மா” என்றார்.

விசாரணையைப் பற்றிச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பொய் சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டும் வந்தது. நாற்பத்து மூன்று வயது வாத்தியார், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுச் சத்தியம் பண்ணுகிறார். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று சாரைப் பின்தொடர்ந்தேன். வழிகாட்டிகளுக்கான கையேட்டில் இதெல்லாம் இல்லை.

பதினொரு மணிக்கு முன்பே கோட்டு, டையோடு மூன்றாம் மாடிக்குப் போனார். நேராக மோராக் அறைக்கு. கதவு சாத்தியிருந்தது. மேல்பாதி மங்கலான கண்ணாடி. இப்போது தட்டுவார் என்று நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று பார்க்கிறேன், தட்டவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி, சுவரில் சாயாமல் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். யாராவது நடந்து போனால் ஒரு புன்னகை, பிறகு மறுபடியும் கதவைப் பார்ப்பது. எனக்கே கால் வலித்தது. பன்னிரண்டு மணியானதும் கதவைப் பார்த்து லேசாகத் தலையைத் தாழ்த்திவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

நான் அசையவே இல்லை. சற்று நேரத்தில் கதவு திறந்தது. மோராக் எட்டிப் பார்த்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. வராந்தாவில் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். உள்ளே மேஜைமேல் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்று தொடாமல் நிறைந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

சார் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏனுங்க சார் தட்டல?”

நான் பார்த்துவிட்டேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“மேடம் உள்ள வேலையா இருக்காகளேம்மா. அவுக கூப்பிடாம எப்படி உள்ள போறது? எங்க ஹெச்.ஓ.டி ரூம் வாசல்ல நான் அரை நாளு நின்னிருக்கேன். நாம நிக்கது அவுகளுக்குத் தெரியும். நேரம் வரும்போது கூப்பிடுவாக.”

“அவங்களுக்கு நீங்க நிக்கறதே தெரியாதுங்க சார். அவங்க உள்ள உங்களுக்காகக் காத்திருக்காங்க.”

“எனக்காகவா?”

“டீ போட்டு வெச்சுட்டு.”

கையில் இருந்த ஃபைலை ஒரு தடவை திறந்து மூடினார்.

“அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“மொத நாளே மேடம் என்னைய உள்ள கூப்பிடலன்னு உங்ககிட்ட எப்படிம்மா சொல்லுவேன்? எனக்குன்னு ஒரு இது இருக்குல்லா.”

நான்கு நாளாக இந்த மனிதரைப் பொய்யர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கேன்டீனில் இரண்டு காபி வாங்கி வந்தேன். சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னார். அப்பாடா என்றிருந்தது.

அக்டோபர் 15, புதன்

சாரை அழைத்துக்கொண்டு மோராக்கிடம் போனேன். தட்டியது நான்தான். விஷயத்தைச் சொன்னேன். மோராக் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் ஒவ்வொரு செவ்வாயும் ஏதோ நிழல் தெரிந்ததாம். பக்கத்து அறைக்கு வந்த யாரோ என்று நினைத்திருக்கிறாள்.

“வயதில் சின்னவள், அதிலும் பெண், என்னிடம் படிக்க இவருக்கு இஷ்டமில்லை என்று நினைத்துவிட்டேன்” என்றாள்.

சார் பதறிப்போய், “நோ நோ மேடம், ரெஸ்பெக்ட் மேடம்” என்றார்.

ஆனால் எழுதிய கடிதம் எழுதியதுதான், விசாரணையை நிறுத்த முடியாதாம். துறைத் தலைவர் கென்னத் கறார்ப் பேர்வழி. வராததற்குக் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வார், ஆனால் அதோடு விடமாட்டார். இவருக்கு ஆராய்ச்சி செய்யத் திராணி இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே கேள்வி கேட்டு முடிவு செய்துவிடுவார். போன வருஷம் ஒருவரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

கதவு தட்டும் பயிற்சி. என் அறைக் கதவைச் சார் வெளியிலிருந்து தட்ட வேண்டும், நான் உள்ளிருந்து கேட்க வேண்டும். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. இன்னும் தட்டவில்லையா என்று திறந்து பார்த்தால், “அப்பம் இருந்தே தட்டிக்கிட்டுத்தான இருக்கேன்” என்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சார் காலையிலேயே சுசியம் சுட ஆரம்பித்தார். கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த பூரண மணம் மாடி வரைக்கும் வந்தது. கூடவே எண்ணெய்ப் புகையும். தீ அலாரம் அலற ஆரம்பித்தது.

கட்டடமே வாசலுக்கு வந்துவிட்டது. தூறலில் நனைந்தபடி, ஒருவன் துண்டோடு, ஒருத்தி ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டபடி. தீயணைப்பு வண்டி வந்தது. யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று ஒரு தீயணைப்பு வீரர் ஒவ்வொரு கதவாக இடித்துக்கொண்டு போனார். மூடிய முஷ்டியால் தட்டினார், தட்டிய வேகத்தில் கதவு நிலையோடு ஆடியது.

“பாத்துக்குங்க சார், அப்படித் தட்டோணும்” என்றேன்.

சார் குற்ற உணர்ச்சியில் தட்டை எடுத்துவந்து எல்லோருக்கும் சுசியம் கொடுத்தார். தீயணைப்பு வீரர்கள் ஆளுக்கு மூன்று சாப்பிட்டார்கள். அடுத்த தடவை செய்யும்போது முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள், எச்சரிக்கைக்கா சாப்பாட்டுக்கா என்று தெரியவில்லை.

இங்கே வந்த பிறகு எனக்கு இது இரண்டாவது தீபாவளி. முதலாவதில் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. வேலை இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

சார் கதவைத் தட்டினார். மோராக் கையிலிருந்த டீ விசைப்பலகைமேல் கொட்டிவிட்டது. ஆனால் உள்ளே போய்விட்டார்! ஒரு மணி நேரம் முழுசாக.

அக்டோபர் 24, வெள்ளி

மோராக் என்னைத் தேடி ஆய்வகத்துக்கே வந்தாள்.

“எல்லாவற்றுக்கும் ‘யெஸ் மேடம்’ என்கிறார். சோதித்துப் பார்க்க ஒன்று சொன்னேன், சரி என்றார். பத்து நிமிஷம் கழித்து அதற்கு நேர் எதிராகச் சொன்னேன், அதையும் சரி என்று எழுதிக்கொண்டார். கென்னத்துக்கு இது போதும். ‘ஆமாம் போடுகிறவர் ஆராய்ச்சிக்கு எதற்கு’ என்பார்.”

“சாரா? எதற்குமே ஒத்துக்கொள்ளாத மனிதராயிற்றே” என்றேன்.

“என்னிடம் ஒத்துக்கொள்கிறாரே” என்றாள் வருத்தமாக.

அக்டோபர் 26, ஞாயிறு

ஒத்திகை. நான்தான் மோராக். ஊதா டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சைக்கிள் ஹெல்மெட்டுக்குப் பதிலாகக் குக்கர் மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“மிஸ்டர் ஆவுடையப்பன், குளத்துத் தண்ணி மேட்டைப் பாத்துத்தானே ஓடும்?”

“யெஸ் மேடம்.”

“சார்!”

“நீங்க மேடமா உக்காந்திருக்கும்போது எப்படிம்மா இல்லங்கது?”

“சரி. மேடம் இல்ல, கோகிலாவாக் கேக்கறேன். தண்ணி மேட்டுக்கு ஓடுமா?”

“கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு? பள்ளத்துக்குத்தான ஓடும்.”

மறுபடி ஹெல்மெட்டை, அதாவது மூடியை, எடுத்தேன். மறுபடி “யெஸ் மேடம்.” சாயங்காலம் வரைக்கும் இதுதான். சங்கரன்கோவில் ஸ்காட்லாந்தில் இருக்கிறது என்பது வரைக்கும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

முடிவில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வாத்தியாருகிட்டப் பேச இத்தனை பயமாங்க சார்? கடிச்சுத் தின்னுருவாங்களா?”

சார் நிதானமாகக் கேட்டார். “நீங்க உங்க சாரைப் பாத்து எத்தனை நாளாச்சும்மா?”

சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். இன்று சாம்பாரே வைக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

ஹாமிஷைப் பார்த்தேன். கடிக்கவில்லை. அரைகுறை அத்தியாயத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, “இதற்குத்தான் ஜூலையிலிருந்து காத்திருக்கிறேன்” என்றார். திரும்பி வரும்போது காரணமில்லாமல் இரண்டு மாடி ஓடி இறங்கினேன்.

நவம்பர் 1, சனி

சார் இன்று சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் மனைவி செண்பகவல்லிக்கு மட்டும் விசாரணை விஷயம் தெரியும். பத்தாவது படிக்கும் மகளிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்களாம். மகள் அந்த ஃபிளெக்ஸ் பேனர் முன்னால் நின்று போட்டோ எடுத்துத்தான் செல்போன் முகப்பில் வைத்திருக்கிறாள்.

“திருப்பி அனுப்பினா அனுப்பட்டும்மா. நம்ம காலேஜ்லதான் வேலை இருக்கே” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

இவர் போய்விட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. சமையலறை காலியாக இருக்கும், அவ்வளவுதான். இல்லை, உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

படிக்கட்டில் மோராக்கைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மழையைப் பற்றி.

நவம்பர் 4, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

துணைக்கு ஒருவர் வரலாம் என்று விதி இருப்பதால் நானும் போனேன். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் கென்னத், மோராக், லின். சாரும் நானும் இந்தப் பக்கம். கென்னத் வராத காரணத்தைக் கேட்டார். மோராக்கே எடுத்துச் சொன்னாள். கென்னத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரை ஒரு பார்வை பார்த்தார். “சரி, அது முடிந்தது. இப்போது உங்கள் ஆராய்ச்சி” என்றார்.

சார் பத்து நிமிஷம் பேசினார். நன்றாகவே பேசினார். அவர் ஊர்ப்பக்கத்து மழைக்குளங்கள் ஏன் நிறைவதில்லை, நிறைந்தாலும் தண்ணீர் ஏன் வயலுக்குப் போய்ச் சேருவதில்லை என்று. கென்னத் பேனாவைத் தொடவில்லை.

மோராக் தொண்டையைச் செருமினாள். “உங்கள் பகுதியில் முக்கியமான மழை ஜூன், ஜூலையில்தானே பெய்கிறது?”

ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை. சின்னக் குழந்தைக்குத் தெரியும். நான் சாரைப் பார்த்தேன். சார் மோராக்கைப் பார்த்தார்.

“யெஸ் மேடம்” என்றார்.

மோராக் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கென்னத் தனக்கு முன்னால் கிடந்த அட்டவணையைப் பார்த்தார். சார் தன் கையாலேயே தயாரித்த அட்டவணை, அதில் மாதவாரியாக மழை அளவு இருக்கிறது. கென்னத் இப்போதுதான் பேனாவை எடுத்தார். முடிந்தது என்று நினைத்தேன். எந்த விமானத்தில் டிக்கெட் கிடைக்கும் என்றுகூட மனசு ஓடிவிட்டது.

மோராக்குக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏதாவது பேசி நேரத்தை ஓட்ட வேண்டும் என்பதுபோல, “எப்படியும் தீர்வு சுலபம்தான். குளங்களை இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டால் அதிகத் தண்ணீர் நிற்கும்” என்றாள். இது நாங்கள், அதாவது அவள், யோசித்து வைத்த கேள்வி இல்லை. நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னாள். கென்னத்தும் ஆமாம் என்று தலையசைத்தார்.

சார் வாயைத் திறந்தார். மூடினார். டையைத் தளர்த்தினார்.

“நோ மேடம்” என்றார்.

சத்தம் வரவே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. கென்னத் “என்ன?” என்றார்.

“நோ!” என்று சார் போட்ட சத்தத்தில் லின் துள்ளிவிட்டாள். “நோ மேடம். தப்பு.”

எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் வரைய ஆரம்பித்தார். கரை, மடை, வயல். மடைமட்டத்துக்குக் கீழே தோண்டினால் தண்ணீர் குழிக்குள் கிடக்கும், மடைக்கு ஏறாது, வயலுக்குப் போகாது. அடியில் இருக்கும் களிமண்ணை உடைத்துவிட்டால் கிடக்கவும் கிடக்காது, பூமிக்குள் இறங்கிவிடும். இப்படித் தோண்டி வீணாய்ப்போன குளம் தன் ஊரிலேயே இருக்கிறது என்றார்.

மோராக் எழுந்து பலகைக்குப் போனாள். “அப்படியானால் பம்ப் வைத்து இறைக்கலாமே?”

“நோ மேடம். பம்ப் வெச்சிருக்கிறவன் வயலுக்கு மட்டும்தான் அந்தத் தண்ணி போகும். மத்தவனுக்கு?”

“எல்லோருக்கும் பொதுவாக ஒரு பம்ப்?”

“கரண்ட் பில் யாரு கட்டுவா? நோ மேடம்.”

மோராக் ஒரு பேனாவைப் பிடுங்கினாள். சார் இன்னொன்றை எடுத்தார். ஒருவர் வரைந்ததை ஒருவர் அழித்தார்கள். சார் பாதி ஆங்கிலத்திலும் மீதி சங்கரன்கோவில் தமிழிலும் பேசினார், மோராக் அதற்கும் பதில் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கென்னத் தன் காகிதத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு லின்னிடம் நகர்த்தினார். “முதல் கேள்வியில் பயந்துவிட்டார், இல்லையா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு எழுந்து போனார். அவர் போனதைப் பலகைக்காரர்கள் இருவரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும்தான் சாருக்கு நடந்தது உறைத்தது. “மேடத்தை எதுத்துப் பேசிட்டேனேம்மா. எல்லாம் போச்சு. டிக்கெட் போட்டுருவமா?”

“போச்சு இல்லீங்க சார். நீங்க இருக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. ‘நோ’ன்னு சொன்னதுக்குத்தான்.”

“இல்லம்மா. அப்படியெல்லாம் இருக்காது.”

லின் வந்து காகிதத்தைக் காட்டினாள். வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் போட்டுவிட்டதால் எனக்கும் கேட்டது.

“ஏளா செண்பகம், மேடத்தைப் பாத்து நோன்னு சொல்லிட்டேன்.”

“என்னையப் பாத்துத் தெனமும் சொல்லுததுதான? அதுல என்ன பெரும?” என்றது அந்தப் பக்கத்துக் குரல். பிறகு தயங்கி, “அவுக என்ன சொன்னாக?” என்று கேட்டது.

“இருந்து படிக்கச் சொல்லிட்டாக.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சார் போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாரும் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

“அப்பம் பிள்ளையக் கூப்பிடட்டுமா?” என்று செண்பகவல்லி கேட்டார்.

“கூப்பிடு” என்றார் சார்.